படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

தேர்வு முடிவு வந்த வாரத்தில், இணையவழி விண்ணப்பங்களைப் போட்டுத் தரும் அக்ஷயா மையத்தில் போய் நின்று பாருங்கள். கணினி முன் இருப்பவர் பிறந்த தேதியைக் கேட்கிறார், அப்பா சொல்கிறார். எந்தப் பள்ளியை முதலில் போடுவது என்கிறார். அதையும் அப்பாவே சொல்கிறார். ஓடிபி வருவதும் அப்பாவின் போனுக்குத்தான். யாருக்காக விண்ணப்பமோ அந்தப் பையன் சுவரில் சாய்ந்து நிற்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

பிளஸ் ஒன் ஏகஜாலகச் சேர்க்கையில், அதாவது பல பள்ளிகளுக்கும் ஒரே விண்ணப்பம் போடும் முறையில், விருப்ப வரிசைதான் உயிர். முதல் விருப்பம் கிடைத்தால் நிரந்தரமாகச் சேர்ந்தே ஆகவேண்டும். கீழே உள்ளது கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்து, மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். எதை மேலே வைப்பது என்று யோசிக்கும்போதுதான், தனக்கு வேண்டியது உயிரியலா வணிகவியலா என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்கிறது. அந்தக் கேள்வியை நாம் பறித்துவிடுகிறோம். எந்தப் பள்ளி கிடைக்கக்கூடும் என்று முன்னோட்டமாகக் காட்டும் சோதனை ஒதுக்கீடு வந்த பிறகு திருத்தவும் வழி உண்டு. பிள்ளை தவறாகப் போட்டால் குடி முழுகிவிடாது.

கல்லூரியில் இது இன்னும் கடுமை. 2024இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம்; நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ் பட்டம். மேஜர் என்னும் முதன்மைப் பாடத்தையும் மைனர் என்னும் துணைப் பாடங்களையும் மாணவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் போய்ப் பயிற்சி பெறும் இன்டர்ன்ஷிப்பும் உண்டு. பதினெட்டு வயதுவரை ஒரு படிவத்தையும் தொடாத பிள்ளை, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று என்ன கேட்கும்?

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். பேச்சுக்குக் குறைவில்லை, எழுத்துத்தான் தடுமாறுகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்கிறது 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம். வருமானச் சான்றிதழ் தாமதமானால், தாலுகா அலுவலகத்துக்குப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். தேதி, பொருள், கோரிக்கை, கையொப்பம் எல்லாம் ஒழுங்காக அமைய ஒரு பக்கம் எழுதப் பழகியவளுக்கு வேலை விண்ணப்பம் எழுதுவது பெரிய காரியமா? ஆங்கிலத்தையும் இதே முறையில் பழக்கலாம்.

மண்டப வாசலில் மேசை போட்டு மாதிரிப் படிவங்கள் வைத்திருக்கிறோம். தம்பி தங்கைகள் மட்டும் எழுந்து வாருங்கள். பெற்றோர் தயவுசெய்து இங்கேயே அமர்ந்திருங்கள்.