பளபளப்பு என்னும் அழுக்கு

நேயர்களுக்கு வணக்கம். காரின் தோல் இருக்கைகளைப் பராமரிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இருக்கைகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், பழுதாகி வந்த இருக்கைகளிலிருந்து நான் கற்றதையே சொல்கிறேன்.

புதிய காரின் தோல் இருக்கை பெரும்பாலும் பளபளப்பதில்லை. மங்கலாக, தொட்டால் வறண்ட மென்மையோடு இருக்கும். ஓராண்டு கழித்து ஓட்டுநரின் தொடை உரசும் ஓரத்திலும் ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடத்திலும் ஒரு மினுமினுப்பு தோன்றும்போது, தோல் நன்றாக இருக்கிறது என்று உரிமையாளர் மகிழ்ந்துபோகிறார். உண்மையில் வியர்வையும் உடலின் எண்ணெய்ப்பசையும் தூசியும் கலந்து தோலின் நுண்வரிகளை அடைத்துவிட்டன என்பதைத்தான் அந்த மினுமினுப்பு காட்டுகிறது. கடையில் விற்கும் பாலிஷ் ஒன்றை அதன்மேல் பூசினால், அழுக்கை உள்ளே வைத்து மூடியதாக ஆகிவிடும்.

இன்றைய கார்களில் வரும் தோல், ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன் கொண்டது. பதனிட்டுச் சாயமேற்றிய பிறகு, அதன்மேல் நிறப்பூச்சும், அதற்கு மேல் பாலியூரித்தேன் என்னும் தெளிந்த காப்புப்பூச்சும் ஏற்றப்படுகின்றன. ஆகவே நாம் அன்றாடம் துடைப்பது தோலையன்று, அந்தப் பூச்சையே. எளிய சோதனை ஒன்றுண்டு. கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். அது முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் பூச்சில்லாத தோல். பின்னதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். ரெக்சினிலும் நீர் முத்தாகத்தான் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தோல் இருக்கை என்று விற்கப்படும் பல இருக்கைகளில் உட்காரும் முகப்பு மட்டுமே தோல், பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சின்.

தோலுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும் என்ற அறிவுரையைக் கேட்காதவர் இல்லை. அது குதிரைச் சேணத்துக்கும், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பூச்சில்லாத பழைய தோலுக்கும் பொருந்திய அறிவுரை. பாலியூரித்தேன் பூச்சைத் தாண்டி எண்ணெய் உள்ளே செல்வது மிகக் குறைவு. மேலே தங்கித் தூசியை ஈர்ப்பதே அதிகம். சமையலறைத் தேங்காய் எண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் பூசிக்கொண்டு வருபவர்களை இன்னமும் பார்க்கிறேன். அந்த இருக்கைகளில் பிசுபிசுப்பை எடுப்பதற்கே பாதி நாள் போய்விடுகிறது. நீர் அடிப்படையிலான கண்டிஷனரை மெல்லியதாகத் தடவி மிச்சத்தைத் துடைத்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் சுத்தம் செய்யாத தோலின்மேல் அதைத் தடவிப் பயனில்லை.

சுத்தம் செய்வதில் முதல் வேலை வேக்குவம் கிளீனருடையது. தையல் இடுக்கில் தங்கும் மணல்துகள், நாம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உப்புத்தாள் போல நூலையும் பூச்சையும் தேய்க்கும் என்பதால், மென்மையான தூரிகை முனையால் அதை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அடுத்து, தோலுக்கென்றே செய்யப்பட்ட மிதமான கிளீனரைத் தூரிகையில் விட்டு, நுரையெழும்படி இலேசாக வட்டமாகத் தேய்த்து, ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு கையகலப் பகுதி போதும். துணி சோப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தோல் இயல்பிலேயே அமிலத் தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு 4 என்பதை ஒட்டியே இருக்கும். சோப்புக் கரைசலோ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கிறது. கறைகளை மாயமாக எடுக்கும் வெள்ளை மெலமைன் பஞ்சு அதைவிடக் கெடுதல். அது கறையோடு காப்புப்பூச்சையும் நுணுக்கமாகச் சுரண்டி எடுத்துவிடும். கைகளில் தடவிய கிருமிநாசினி உலர்வதற்குள் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதும் இதே வகைக் கேடுதான். ஆல்கஹால் பூச்சை இளக்கிவிடும்.

துளையிட்ட இருக்கையில் கிளீனரை நேரடியாகத் தெளிக்காதீர்கள். துளைகளின் கீழே ஃபோமும், சில கார்களில் வெப்பமூட்டும் கம்பிகளும், ஆள் அமர்ந்திருப்பதை உணரும் கருவியும் இருக்கின்றன. தோலைக் காக்கிறேன் என்று கெட்டியான உறை மாட்டுபவர்களுக்கும் ஒரு சொல். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். அந்த வழியைப் பொருத்தமில்லாத உறை அடைத்துவிடக் கூடாது.

ஜீன்ஸின் நீலச்சாயம் வெளிர்நிற இருக்கையில் ஏறினால், அன்றைக்கே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். பேனா மை இன்னும் பிடிவாதமானது. மையைக் கரைக்கும் ஸ்பிரிட் நிறப்பூச்சையும் கரைக்கும் என்பதால், அதை வீட்டில் முயலாமல் இருப்பதே நல்லது.

வெயிலைப் பொறுத்தவரை, நிழலில் நிறுத்துவதும் முன்கண்ணாடிக்குத் தட்டி வைப்பதும் எந்தக் கண்டிஷனரைவிடவும் பயன்தரும். தோல் தன்னுள் இருக்கும் ஈரத்தை மூடிய காரின் வெப்பத்தில் இழந்து இறுகிச் சுருங்குகிறது; தோல் போர்த்திய டேஷ்போர்டு ஓரங்களில் பிரிந்து எழுவது பெரும்பாலும் இதனால்தான். இருக்கை நனைந்துவிட்டால் அதே காரணத்தால் வெயிலிலோ முடி உலர்த்தியாலோ காயவைக்காமல், கதவுகளைத் திறந்துவைத்து நிழலில் உலர விடுங்கள்.

வெடிப்பு பூச்சோடு நின்றிருந்தால் நிறமேற்றிச் சரிசெய்யலாம். பூச்சுக்கு அடியில் தோலின் நாரே அறுந்திருந்தால், எண்ணெய் எவ்வளவு பூசினாலும் அறுந்த நார் மீண்டும் ஒன்றுசேராது; பின்புறம் துணி வைத்து ஒட்டி, பசை நிரப்பி, நிறமேற்ற வேண்டும், அல்லது அந்தத் துண்டை மாற்றித் தைக்க வேண்டும்.