தாளின் பின்பக்கம்

(திருகோணமலையில், எழுத ஆர்வமுள்ள இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், பிள்ளைகள்.

கெட்டுப்போகிறவர் விரும்பி ஏறும் மரக்கலம் என்று மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் நான்கைச் சொல்கிறார். முதலாவது நெடுநீர்: செய்ய வேண்டியதை நீட்டிக்கொண்டே போவது. அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்தக் கலத்தில் ஏறித்தான் எனக்குக் கதை எழுத வந்தது.

ஒரு வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு நம் துறைமுகத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். சரி என்றேன். 'திருகோணமலை ஓர் இயற்கைத் துறைமுகம்' என்று எழுதினேன். அந்த வரியோடு மூன்று கிழமை நின்றேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட கதையும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் தெரியும். தெரிந்தும் கை ஓடவில்லை.

விடிய எழும்பி மேசையில் இருப்பேன். கொஞ்ச நேரத்தில் உப்புவெளிக் கரைக்குப் போய்விடுவேன். அங்கே கரைவலை இழுப்பார்கள். கயிற்றைப் பிடித்தபடி பின்பக்கமாக நடப்பார்கள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டு ஓடிவந்து தண்ணீர் விளிம்பில் மறுபடி பிடிப்பார். ஒருவர் அம்பா எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். ஈரக் கயிற்றை ஒரு பொடியன் வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டே இருப்பான். கடைசியில்தான் மீன் சேர்ந்த பை கரையேறும். அந்தப் பைக்கும் மடி என்றுதான் பெயர்! சோம்பலுக்கும் அதே சொல். இதை நினைத்து நான் பலநாள் வியந்திருக்கிறேன்.

ஒருநாள் வீடு திரும்பி, அந்த ஒற்றை வரித் தாளைத் திருப்பிப் போட்டுப் பொடியனைப் பற்றி எழுதினேன். உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு. அவனுக்கு நீந்தத் தெரியாது என்று அவனே சொன்னது. மறுநாள் இன்னொருவரைப் பற்றி. மூன்றாம் கிழமை முடியும்போது முன்பக்கத்தில் ஒரு வரி. பின்பக்கங்களில் 11 கதைகள்.

யாரும் கேட்காத எழுத்து அது. பிழை பிடிக்க ஆளில்லை என்றதும் கை தானாக ஓடியது. அதே நேரம், முடிக்காத கட்டுரை மனதைத் தூங்க விடவில்லை. புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்: இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நின்றனவாம். பிறகு செய்துபார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. என் வரைக்கும் அது உண்மை. அந்தக் கிழமைகளில் கண்ணில் பட்டதெல்லாம் துறைமுகமாகவே தெரிந்தது.

ஆனால் ஒன்று, பிள்ளைகள். தள்ளிப்போட்ட தாள் மேசையிலேயே கிடக்க வேண்டும், பேனையும் பக்கத்தில் இருக்க வேண்டும். கைபேசியை எடுத்த நாட்களில் எனக்கு ஒரு வரியும் மிஞ்சவில்லை.

மலர்க்குழு கடைசித் தவணை சொன்ன இரவு கட்டுரையை முடித்தேன். முதல் வரியை வெட்டிவிட்டேன். நீந்தத் தெரியாத ஒரு பொடியன் கயிற்றைச் சுருட்டியபடி தூரத்துக் கப்பலைப் பார்ப்பதில் அது தொடங்கியது. 1942 இரண்டாம் பந்தியில் வந்தது.