வாடகை வீடு அல்ல, நடுவர் அவர்களே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், அவைக்கும் வணக்கம்.

'ஜானி கேஷின் புகழ் நிலைத்திருப்பது இளமையில் தந்த சொந்தப் பாடல்களாலா, முதுமையில் பாடிய பிறர் பாடல்களாலா?' இதுதான் தலைப்பு. ஜானி கேஷ், அமெரிக்காவின் 'கன்ட்ரி' என்ற நாட்டுப்புறப் பாணி இசைப் பாடகர். முதுமையில் பாடிய பிறர் பாடல்களால்தான் என்று பேச வந்தவன் நான். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். காரணம், எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி.

என்ன சொன்னார்? "சொந்த வீட்டில் ராஜாவாக வாழ்ந்த மனுஷர், எழுபது வயதில் வாடகை வீட்டுக்குக் குடிபோனார். அடுத்தவன் கட்டிய வீடு, அடுத்தவன் பூசிய சுவர். இவர் செய்ததெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருமியதுதான்" என்றார். அரங்கமே கைதட்டியது. அழகாகத்தான் சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறு எதையும் பேச முடியாது.

தம்பி, முதலில் உங்கள் சொந்த வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இளமைக்கால வைரங்கள் என்று மூன்று பாட்டுகளைச் சொன்னீர்கள். 'ரிங் ஆஃப் ஃபயர்' என்றீர்கள். 1963இல் வந்தது, பெரிய வெற்றி. எழுதியது ஜூன் கார்ட்டரும் மெர்ல் கில்கோரும். ஜானி கேஷ் எழுதவில்லை. அவருக்கு முன்பே ஜூனின் தங்கை அனிதா அதைப் பாடிவிட்டார். அடுத்து 'எ பாய் நேம்டு ஸூ' என்றீர்கள். 1969இல் சான் குவென்டின் சிறையில் கைதிகள் கூத்தாடிய பாட்டு. அதை எழுதியது ஷெல் சில்வர்ஸ்டீன். சரி, மூன்றாவது 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்'. இது அவருடையதுதான். ஆனால் அதன் மெட்டிலும் வரிகளிலும் பாதிக்கு மேல் கார்டன் ஜென்கின்ஸ் என்ற இசையமைப்பாளரின் பழைய பாட்டிலிருந்து வந்தது. பின்னாளில் அவருக்குப் பணம் கொடுத்து அந்த விவகாரத்தைத் தீர்த்தார்கள்.

ஆக, நடுவர் அவர்களே, தம்பி காட்டிய மூன்று சொந்த வீட்டில் இரண்டுக்குப் பத்திரம் வேறு பெயரில் இருக்கிறது, மூன்றாவதில் பாதிச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது! இதனால் ஜானி கேஷின் பெருமை ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அவர் ஆயுசு முழுக்கப் பாட்டுகளைத் தேடி எடுத்துப் பாடியவர். கன்ட்ரி இசையின் வழக்கமே அதுதான். பருத்திக் காட்டில் பாடிய பாட்டு, தேவாலயத்தில் பாடிய பாட்டு, ரயில் பாட்டு என்று கைமாறிக் கைமாறி வந்த இசை. அர்க்கன்சா மாநிலத்தில் டயஸ் என்ற ஊரில் பருத்தி எடுத்து வளர்ந்த பிள்ளைக்கு, 'என் பாட்டு, உன் பாட்டு' என்ற வேலி எங்கே தெரியும்?

இப்போது அந்த வாடகை வீட்டுக்கு வருவோம். நான் இங்கேதான் கொஞ்சம் உட்காரப் போகிறேன்.

1986இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரை விட்டுவிட்டது. 28 வருட உறவு. கன்ட்ரி வானொலிகளுக்கு அவர் பழைய ஆளாகிவிட்டார். அந்த நேரத்தில், 1993இல், ரிக் ரூபின் என்று ஒருவர் தேடி வந்தார். ராப் இசையும் காதைக் கிழிக்கிற மெட்டல் இசையும் தயாரித்தவர். தோளுக்குக் கீழே தொங்கும் முடி, பெரிய தாடி, கசங்கிய உடை. "என்னை வைத்து யாரும் செய்யாத எதை நீ செய்யப்போகிறாய்?" என்று ஜானி கேஷ் கேட்டார். ரூபின் சொன்ன பதிலின் சாரம் இவ்வளவுதான்: நீங்கள் கிட்டாரோடு மைக் முன்னால் உட்காருங்கள், உங்களுக்குப் பிடித்ததைப் பாடுங்கள். அவ்வளவு வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை! ரூபின் வீட்டு ஹாலிலும், டென்னஸியில் ஜானி கேஷின் மரக்குடிலிலும் பதிவு செய்தார்கள். 1994இல் முதல் ஆல்பம் வந்தது, கிராமி விருதும் வந்தது.

இடையில் இன்னும் இரண்டு ஆல்பங்கள். நான்காவதாக, 2002 நவம்பரில், 'அமெரிக்கன் ஃபோர்: தி மேன் கம்ஸ் அரௌண்ட்'. அவருக்கு வயது 70. நீரிழிவு, நரம்புக் கோளாறு, மங்கிய பார்வை, அடிக்கடி மருத்துவமனை. பதினைந்து பாட்டு, அதில் பெரும்பாலானவை பிறருடையவை. பீட்டில்ஸ் பாட்டு உண்டு, ஸ்டிங் பாட்டு உண்டு, டெபேஷ் மோட் பாட்டு உண்டு. இரண்டாவது பாட்டு 'ஹர்ட்'.

இந்த 'ஹர்ட்' யாருடையது? நைன் இன்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதியது. 1994இல் வந்தது. போதையிலும் விரக்தியிலும் கிடந்த ஓர் இளைஞன், புத்தி பேதலிக்காமல் இருக்கத் தன் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதிய பாட்டு. ஒரு மனிதனின் மிக அந்தரங்கமான இடம் அது. அந்த இடத்துக்குள் போகிறார் எழுபது வயதுக் கிழவர்.

கேளுங்கள், இதுதான் தம்பிக்கு என் பதில். ரெஸ்னருக்கு முதலில் தயக்கம். ஜானி கேஷ் பாடுகிறார் என்றால் பெருமைதான், ஆனால் இது வெறும் வித்தையாகப் போய்விடுமோ என்று பயம். பதிவை அனுப்பினார்கள், கேட்டார். பிடித்ததா? பிடிக்கவில்லை! தன் காதலியை வேறொருவன் முத்தமிடுவதைப் பார்த்ததுபோல இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். நியாயம்தானே? நம் டைரியை வேறொருவர் மேடையில் வாசித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அப்புறம் அந்த வீடியோ வந்தது. எடுத்தவர் மார்க் ரோமனெக், ரெஸ்னருக்கு வேண்டிய இயக்குநர், அவருடைய பாட்டுக்கும் வீடியோ எடுத்தவர். ரெஸ்னர் போட்டுப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது? மேசை நிறைய விருந்து. மேசை முன்னால் கருப்பு உடையில் ஜானி கேஷ். கோப்பையிலிருந்து மதுவை அந்த விருந்தின் மேல் ஊற்றுகிறார், கை நடுங்குகிறது. நடுநடுவே அவருடைய இளமைக் காட்சிகள்: ரயிலில் தாவுகிறார், சிறையில் பாடுகிறார். அவர் பெயரில் நடந்த அருங்காட்சியகம், வெள்ளத்தில் சேதமாகிப் பூட்டிக் கிடக்கிறது. உடைந்த இசைத்தட்டு. கடைசியில் பியானோ மூடியை மூடி, அதை விரல்களால் தடவுகிறார்.

ரெஸ்னர் என்ன ஆனார்? கண்ணில் நீர் முட்டியது, மயிர்க்கூச்செறிந்தது, பேச்சு வரவில்லை. பிறகு அவர் சொன்னார், என் காதலியை இப்போது இழந்துவிட்டேன், அந்தப் பாட்டு இனி என்னுடையது அல்ல என்று.

இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும். அந்தப் பாட்டு இனி என்னுடையது அல்ல! சொன்னது யார்? விமர்சகரா? ரசிகரா? எங்கள் அணித்தலைவரா? எழுதியவர்! தம்பி, நீங்கள் வாடகை வீடு என்றீர்களே, அந்த வீட்டுக்காரரே வாசலில் நின்று சாவியை நீட்டி, "ஐயா, இது உங்கள் வீடு" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் சொன்ன பிறகு, எதிரணிக்கு எந்தக் கோர்ட்டில் வழக்கு?

எப்படி நடந்தது இது? சொல்லும் ஏறத்தாழ அதேதான், மெட்டும் ஏறத்தாழ அதேதான். ரெஸ்னரின் பதிவில் இரைச்சலும் கரகரப்பும் சூழ்ந்து நிற்கும். ஜானி கேஷ் அதையெல்லாம் எடுத்துவிட்டார். கிட்டார், அதற்கு மேல் பியானோ, முடிவில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்து அடித்து அது ஏறும். நடுவில் அந்தக் குரல். மூச்சு போதாத குரல். எதிரணித் தம்பி அதை இருமல் என்றார். அந்த மூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. இருபத்தெட்டு வயதுக்காரன் எல்லாம் போய்விட்டது என்று பாடினால் அது அவனுடைய பயம். எழுபது வயதுக்காரர் அதையே பாடினால், அவர் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்னொரு சான்று. இது அவருடைய சொந்தப் பாட்டு, எதிரணி மறுக்க முடியாது. 'கிவ் மை லவ் டு ரோஸ்'. சிறையிலிருந்து விடுதலையாகி வீட்டுக்குப் போகும் வழியில், தண்டவாளத்தின் ஓரம் செத்துக்கொண்டிருக்கும் ஒருவன், மனைவிக்கு அன்பைச் சொல்லி அனுப்புகிற பாட்டு. 1957இல், 25 வயதில், கம்பீரமாகப் பாடினார். இதே ஆல்பத்தில், 70 வயதில், மறுபடி பாடினார். கிராமி விருது எதற்குக் கிடைத்தது? இந்தக் கிழக்குரலுக்கு! 25 வயதில் அவர் செத்துக்கொண்டிருந்தவனின் கதையைச் சொன்னார். 70 வயதில் அந்தத் தண்டவாள ஓரத்தில் படுத்திருப்பவர் அவரே.

வீடு என்று தம்பி ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். டென்னஸியில் ஹெண்டர்சன்வில் என்ற ஊரில், ஏரிக்கரையில், ஜானி கேஷ் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்த நிஜமான வீடு 2007 ஏப்ரலில் தீப்பிடித்துச் சாம்பலாகிவிட்டது. அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமா? 'ஹர்ட்' வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

அந்த வீடியோவில் ஒரு காட்சியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன். ஜானி கேஷ் பாடிக்கொண்டிருக்கிறார். மாடிப்படியில் ஒரு பெண்மணி நிற்கிறார். அவர் ஜூன் கார்ட்டர், மனைவி. 1968இல் கல்யாணம். மாத்திரைப் பழக்கத்தில் அழிந்துகொண்டிருந்த மனுஷரை இழுத்துப் பிடித்து நிறுத்தியவர். அந்த அம்மா படியில் நின்று கணவனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதில் அன்பு இருக்கிறது, கவலை இருக்கிறது, இன்னும் எத்தனை நாளோ என்ற கேள்வி இருக்கிறது. பார்க்கிற நாமெல்லாம் கிழவர்தான் முதலில் போவார் என்று நினைப்போம். 2003 மே 15 அன்று ஜூன் போய்விட்டார்.

ஜானி கேஷ் உடைந்துபோனார். ஆனால் ரூபினிடம் அவர் கேட்டது வேலை. தினமும் பாட வேண்டும், இல்லையென்றால் நான் இருக்க மாட்டேன் என்ற நிலை. கண் சரியாகத் தெரியவில்லை, சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மைக் முன்னால் உட்கார வைக்கிறார்கள். பாடுகிறார். ஜூலை 5 அன்று, வர்ஜீனியாவில், ஜூனின் குடும்பம் நடத்திய அரங்கில் மேடை ஏறினார். ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஜூனின் ஆன்மா இன்றிரவு என்னைச் சூழ்ந்திருக்கிறது, எனக்குத் தைரியம் கொடுக்க அவள் கொஞ்ச நேரம் வந்திருக்கிறாள் என்றார். வாசித்துவிட்டுப் பாடிய பாட்டு, தம்பி, நீங்கள் சொன்ன அதே 'ரிங் ஆஃப் ஃபயர்', ஜூன் எழுதிய பாட்டு. பெண்டாட்டி எழுதிய பாட்டைப் பெண்டாட்டி இல்லாத மேடையில் பாடினார் ஐயா. அது யார் பாட்டு? எழுதியவர் பாட்டா, பாடியவர் பாட்டா? எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே மனசு வரவில்லை.

ஆகஸ்டு வரை பதிவு செய்தார். செப்டம்பர் 12 அன்று, 71 வயதில், அவரும் போனார். ஜூன் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கடைசி மாதங்களில் பாடியதிலிருந்து 2006இல் ஓர் ஆல்பம் வந்து அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. 1969க்குப் பிறகு அவருக்கு முதல் தடவை.

மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. நடுவர் ஐயாவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அந்த 'ஹர்ட்' பாட்டை இந்த அரங்கில் ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும். நாலு நிமிடம்கூட வராது. என் நேரம் முடிந்துவிட்டது, எங்கள் அணித்தலைவரின் நேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள், அவர் சம்மதிப்பார். நன்றி, வணக்கம்.