இராவணேசனுக்கு ஆர் பொருத்தம்? ஆளைத் தெரிவு செய்யேக்க கவனிக்க வேண்டியது

வணக்கம் உறவுகளே. இண்டைக்குக் கூத்தைப் பற்றிக் கதைப்பம். இராவணேசன் எண்ட கூத்து நாடகத்தைத் திரும்ப மேடையேத்தப் போறம் எண்டு ஆர் வெளிக்கிட்டாலும் முதல் கேள்வி, "இந்தப் பெடியன் இராவணனுக்குப் பொருந்துவானா?" எண்டதுதான். எங்கட திருகோணமலையில அந்தக் கேள்வி இன்னும் பலமா வரும். கோணேசர் கோயிலடியில இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவைப் பாத்து, இராவணன் கதையோட சேந்த கன்னியா வெந்நீரூத்தில குளிச்சு வளந்த சனம் இது. இராவணன் எண்டா எப்பிடி இருப்பான் எண்டு எல்லாரும் ஒரு உருவம் வைச்சிருக்கிறம்: பெரிய உடம்பு, அதிர்ற குரல். அந்த உருவத்துக்கு ஆள் தேடப் போறதிலதான் பிழை தொடங்குது.

நாடகம் எங்க இருந்து வந்தது எண்டு பாருங்கோ. 1960களில பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில, விடிய விடிய ஆடுற மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டு வந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், அதுக்குப் பிறகு இராவணேசன். எழுதினது சி. மௌனகுரு. இராவணனா ஆடினதும் அவர்தான். கதை யுத்த காண்டம். வேண்டியவையை ஒவ்வொருத்தரா இழந்து, முடிவு தெரிஞ்சும் களத்துக்குப் போறவன்தான் இந்த இராவணன். "வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்" எண்டு கம்பர் பாடினாரே, அந்த வெறுங்கையை ஆட்டத்தில காட்டக்கூடியவனைத்தான் தேட வேணும்.

அதால வரவாட்டத்தை, அதாவது பாத்திரம் முதன்முதல் மேடைக்கு வாற ஆட்டத்தை, மட்டும் பாத்து ஆளை எடுக்காதேங்கோ. வரவில எல்லாரும் நல்லாத் தெரிவினம். மத்தளம் தூக்கிக் குடுக்கும், தாளம் போடுற சல்லரி தூக்கிக் குடுக்கும், பிற்பாட்டுக்காரர் பாட்டு அடியை வாங்கித் திருப்பிப் பாடேக்க ஆடுறவருக்கு மூச்சு விட இடமும் கிடைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வரவை முழுசா, கடைசி வேகம் வரைக்கும் ஆட விடுங்கோ. முடிஞ்ச கையோட, இருக்க விடாமல், தண்ணி குடுக்காமல், பின்பாதியில வாற ஒரு விருத்தத்தைப் பாடச் சொல்லுங்கோ. விருத்தத்துக்குத் தாளம் இல்லை, பிற்பாட்டும் கை குடுக்காது. ஆள் தனிய நிப்பார். ரெண்டு விசயம் கேளுங்கோ: சொல் நடுவில உடையுதா, வரிக் கடைசியில சுருதி இறங்குதா. உடைஞ்சா மூச்சுப் பழக்கம் காணாது. அதைப் பயிற்சியில திருத்தலாம். சுருதி இறங்கிறது அவருக்கே கேக்கேல்லை எண்டா அது காதுப் பிரச்சினை, லேசில திருந்தாது. அவரை வேற பாத்திரத்துக்கு மாத்துங்கோ.

உடம்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வடமோடி எண்ட கூத்து வகையில அரச உடுப்பு எண்டா பிரம்பு வளையம் வைச்ச கரப்புடுப்பு, மார்புப் பதக்கம், புயக்கட்டு, தலையில முடி. நடுத்தர உடம்புக்காரனே அதுக்குள்ள ரெண்டு மடங்காத் தெரிவான். ஏற்கனவே பெருத்த ஆளுக்கு அவ்வளவு பாரத்தையும் ஏத்தினா காலடி மந்தமாகும், சதங்கை மத்தளத்துக்குப் பிந்தும். நாங்கள் "ஏதோ சோர்ந்து போச்சு" எண்டு நினைக்கிறது அநேகமா அந்தப் பிந்தலைத்தான்.

உடுப்பில இன்னொண்டும் இருக்கு. வளையம் வைச்ச உடுப்போட ரெண்டு பேர் கிட்டப் போக ஏலாது. மண்டோதரி காலைப் பிடிச்சு மறிக்கிற மாதிரிக் காட்சி வைச்சா, வளையம் இடிபட்டுப் பின்பக்கம் கிளம்பும். சபை சிரிச்சுப்போடும். பழகிற காலத்திலேயே சும்மா ஒரு வளையத்தை இடுப்பில கட்டி ஆட விடுங்கோ. அந்த இடைவெளிக்குள்ள கண்ணாலயும் கையாலயும் கதைக்கத் தெரிஞ்ச சோடி எது எண்டு அப்ப தெரியும்.

மண்டோதரிக்கு வருவம். முந்திக் களரியில, அதாவது ஊர்க் கூத்து மேடையில, பெண் பாத்திரத்தையும் ஆம்பிளையள்தான் ஆடினவை. இப்ப பெண்பிள்ளையள் ஆடினம், அது நல்லது. ஆனா சுருதியை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. ஆம்பிளைப் பிற்பாட்டு ஒண்டு, ஒண்டரைக் கட்டைச் சுருதியில நிக்கும். பிள்ளைக்கு வசதி நாலரை, அஞ்சு. அவவை ஆம்பிளைச் சுருதியில பாட வைச்சா, கீழ்ப்பக்கம் சொல்லே கேக்காது, மேல போனாக் கீச்சிடும். பிறகு "மண்டோதரி சரியில்லை" எண்டு பழி அந்தப் பிள்ளைக்கு. அவவின்ர பாட்டுகளுக்குச் சுருதியை மாத்தி, பிற்பாட்டில மூண்டு நாலு பெண் குரலைச் சேருங்கோ. சுருதி மாறுற இடத்தில மத்தளம் ஒரு சின்ன உருட்டு வாசிச்சா மாத்தம் காதில உறுத்தாது.

இந்திரசித்துக்கு வேகமான கால் இருந்தாப் போதும். கும்பகருணனுக்குத்தான் எல்லாரும் ஊரிலேயே பெரிய ஆளைத் தேடுறவை. அந்தப் பாத்திரத்தின்ர உயிர் அண்ணனுக்குப் புத்தி சொல்லுற இடத்தில இருக்கு. வசனத்தை நிறுத்தி, பொருள் விளங்கச் சொல்லக்கூடியவரை எடுங்கோ.

"குரல் சின்னன் எண்டாலும் மைக் இருக்குத்தானே" எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. மைக் மூச்சிரைப்பையும் பெருப்பிக்கும், பதக்கம் உரசிறதையும் பெருப்பிக்கும். மைக் இல்லாமல் மண்டபத்தின்ர கடைசி வரிசைக்குச் சொல் விளங்குதா எண்டு முதல் பாருங்கோ.

இதெல்லாம் சட்டம் குடுக்கிறதுக்கு, அதாவது ஆளாளுக்குப் பாத்திரத்தின்ர ஏட்டைக் குடுக்கிறதுக்கு, முதல் முடிய வேணும். தவறினா, பழக்கத்தில சதங்கை அணியிற சடங்கு வரைக்கும் ஆளை மாத்தலாம். அடுக்குப் பார்க்கிற (முழுக் கூத்தையும் ஒத்திகை பாக்கிற) கட்டத்தில மாத்தினா, அவரோட சேந்து ஆடுற எல்லாற்ற அடியும் குழம்பும். தெரிவு நடக்கிற அண்டைக்குக் கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட வந்து இருக்க வேணும். போனில தாளத்தைப் போட்டு ஆட விட்டா, ஆடுறவன் மத்தளத்தைக் கேட்டு ஆடுறானா, மனப்பாடமா ஆடுறானா எண்டு கண்டுபிடிக்கவே ஏலாது. அண்ணாவியார் நடுவில ஒருக்காத் தாள வேகத்தைக் கூட்டட்டும். அந்த இடத்தில கால் எப்பிடிப் போகுது எண்டு பாத்து முடிவெடுங்கோ.