படை ஒன்று, கட்டளை பல: சோமாலியா தரும் பாடங்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க அமைதிப்படைகள் என்றதும் ஐ.நா. தீர்மானங்களைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் வீரனின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2007 மார்ச்சில் உகாண்டா வீரர்கள் சோமாலியாவின் தலைநகரான மொகதிஷுவில் இறங்கினார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அந்தப் படைக்கு அமிசோம் என்று பெயர். அனுமதி 8,000 பேருக்கு. முதலில் வந்ததோ ஐந்தில் ஒரு பங்கு. அடுத்து புருண்டி வந்தது. 2009 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்குள் 200-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. நால்வர் இறந்தார்கள். குண்டடியும் இல்லை, விஷமும் இல்லை, பெரிபெரி. உணவில் வைட்டமின் பி1 போதவில்லை. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் மற்றவர்கள் தேறினார்கள். முற்றுகையில் இருக்கும் நகரத்துக்குள் படையை இறக்கிவிட்டு, அதற்குச் சத்தான உணவு போய்ச் சேரும் வழியை உறுதிசெய்யாமல் விட்டதன் விலை இது. இந்தப் படைக்கு உணவும் பொருளும் அனுப்பும் ஐ.நா. தளவாட அலுவலகமே 2009-இல்தான் அமைக்கப்பட்டது.

அடுத்தது சம்பளம். ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் பணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம்தான் கொடுத்தது. ஒரு வீரருக்கு மாதம் 1,028 டாலர். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமான அடிஸ் அபாபாவுக்குப் போய், அங்கிருந்து வீரனின் அரசுக்குப் போய், அரசு சுமார் 200 டாலரைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வீரன் கைக்கு வந்தது. வழியில் எங்கே சிக்கினாலும் போர்முனையில் இருப்பவன் கடன்காரன் ஆனான். 2016-இல் ஐரோப்பா 20 சதவீதத்தை வெட்டியது. அதே ஆண்டு புருண்டி அரசின் வழியாகப் பணம் கொடுக்க மறுத்தது. மாதக்கணக்கில் சம்பளம் நின்றதால், படையைத் திரும்ப அழைப்போம் என்று 2017 தொடக்கத்தில் புருண்டி எச்சரித்தது.

ஆனால், இவற்றையெல்லாம்விடக் கொடிய குறை கட்டளை அமைப்பில் இருக்கிறது. காகிதத்தில் படைத் தலைவர் ஒருவர். களத்தில் உகாண்டாவுக்கு ஒரு பகுதி, கென்யாவுக்கு ஒரு பகுதி, எத்தியோப்பியாவுக்கு ஒரு பகுதி. தன் தலைநகரம் சம்மதிக்காமல் எந்தப் பிரிவும் தன் பகுதியின் எல்லை தாண்டி உதவிக்குப் போகாது. அமிசோம் எதிர்த்துப் போரிட்ட இஸ்லாமியவாத ஆயுதக் குழுவான அல்-ஷபாப் இதைக் கணக்குப் போட்டுவைத்திருந்தது. 2015 ஜூனில் லீகோ, செப்டம்பரில் ஜனாலே, 2016 ஜனவரி 15-இல் எல் அடே: ஏழு மாதத்துக்குள் மூன்று அமிசோம் முகாம்களைத் தாக்கியது. முறை ஒன்றே. விடியும் நேரத்தில் வெடிமருந்து ஏற்றிய வாகனத்தை மோதி அரணைத் தகர்ப்பது, பிறகு நூற்றுக்கணக்கில் உள்ளே பாய்வது. தொலைவில் தனித்து நின்ற சிறு முகாம்கள் அவை. உதவி நேரத்துக்கு வந்து சேரவில்லை.

வான்வழி? 12 ஹெலிகாப்டர்களுக்கு 2012 பிப்ரவரியில் பாதுகாப்புச் சபை அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில் உகாண்டா அனுப்பிய மூன்று எம்ஐ-24 போர் ஹெலிகாப்டர்களும் சோமாலியாவை எட்டும் முன்பே கென்ய மலையில் விழுந்து நொறுங்கின.

எல் அடேயில் இறந்த தன் வீரர்களின் முழு எண்ணிக்கையைக் கென்யா வெளியிடவே இல்லை. இது அந்தக் குடும்பங்களுக்குச் செய்த அநீதி. தவறு எங்கே நடந்தது என்று மற்ற நாடுகள் கற்றுக்கொள்ளும் வழியையும் அது அடைத்தது. 2023 மே மாதம் புலோ மரேர் முகாமின் மீதான தாக்குதலில் 54 வீரர்களை இழந்ததாக உகாண்டா அதிபர் முசேவேனி வெளிப்படையாகச் சொன்னார். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்க ஒன்றியப் படைகளின் செலவில் 75 சதவீதம் வரை ஐ.நா. உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து தரலாம் என்று 2023 டிசம்பரில் 2719-ஆம் தீர்மானம் வழி திறந்தது. அதைச் சோமாலியாவுக்குப் பொருத்த அமெரிக்கா இணங்கவில்லை. அமிசோமின் வழிவந்த புதிய படை 2025 ஜனவரியில், நிதி உறுதியாகாமலேயே பணியைத் தொடங்கியது.