சோஷல் காசும் சோம்பேறித்தனமும்

வணக்கம் நேயர்களே.

"இவையளுக்குச் சோஷல் காசு வருகுது, பிறகேன் வேலைக்கு வரப்போயினம்?" லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ நம்மவர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். சோஷல் காசு என்றால் அரசு கொடுக்கும் உதவிப்பணம். வேலைக்கு ஆள் கிடைக்காத கோபத்தில் கேட்பது. விடியுமுன் எழுந்து காஷ் அண்ட் கேரி என்ற மொத்தக் கடைக்குப் போய்வருகிறவருக்கு அந்தக் கோபம் வருவதை நான் குறை சொல்லமாட்டேன். 2012-ல் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னும் தன் கட்சி மாநாட்டில் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிற தொழிலாளி, அரசு உதவியில் தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரரின் மூடிய ஜன்னலைப் பார்க்கிறாரே, அவருக்கு என்ன நியாயம் என்று.

சமூக நிலையம் ஒன்றில் பெனிஃபிட், அதாவது அரசு உதவிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். அதனால்தான் இந்த நிகழ்ச்சிக்கு அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அரசு உதவி பிரிட்டிஷ்காரரின் உழைக்கும் குணத்தைக் கெடுத்துவிட்டதா என்பது கேள்வி. என் பதில், இல்லை. ஆனால் கேட்கிறவர்களிடம் ஓர் உண்மையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இந்தக் குற்றச்சாட்டுக்கு வயது இருநூறுக்கு மேல். 1795-ல் பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தது, விளைச்சலும் மோசம், ரொட்டி விலை ஏறிப்போயிற்று. பெர்க்ஷயரில் ஸ்பீனம்லாண்ட் என்ற ஊரில் பெலிகன் என்றொரு சத்திரம். அங்கே மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள் கூடி ஒரு கணக்குப் போட்டார்கள். காலன் ரொட்டி என்ற சுமார் நான்கு கிலோ ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால் கூலியாளுக்கு வாரம் மூன்று ஷில்லிங், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை ஷில்லிங் கிடைத்தாக வேண்டும். கூலி போதவில்லையென்றால் மீதியை ஊர் வரிப்பணத்திலிருந்து கொடுப்பது. பசியில் இருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பண்ணைக்காரர்கள் கூலியைக் கூட்டாமல் இருக்க இது நல்ல சாக்காகிவிட்டது என்ற புகார் எழுந்தது. ஊர்தான் மீதியைக் கொடுக்கிறதே!

பிறகு, 1832-ல் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. இரண்டு வருடத்தில் அறிக்கை வந்தது. பழி யார் மேல் விழுந்தது? கூலியாள் மேல். உதவி வாங்கி வாங்கி அவன் சோம்பேறியாகிவிட்டானாம். ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பி வாங்கிய பதில்களைச் சரியாக அலசாமலே முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் வந்துவிட்டது. உடம்பில் தெம்பு இருக்கிறவர் உதவி கேட்டால் ஒர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் போக வேண்டும். வெளியே இருக்கும் ஆக ஏழையான கூலியாளின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பது மோசமாக இருக்க வேண்டும் என்பது கொள்கை. ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு உடைக்கும் வேலை கொடுத்தார்கள். பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததை உள்ளே இருந்தவர்கள் தின்றார்கள் என்பது 1845-ல் வெளியே வந்து, நாடே கொதித்தது.

சரி, பழங்கதை போதும். உதவி கொடுத்தால் ஜனம் வேலைக்குப் போகாது என்பது உண்மையென்றால், அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. 1942-ல், சமூகக் காப்புறுதிக்குத் திட்டம் வகுத்த பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. 1948 ஜூலையில் தேசியக் காப்புறுதி, தேசிய உதவி, இலவச மருத்துவம் எல்லாம் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1950களிலும் 60களிலும் வேலையின்மை பெரும்பாலும் இரண்டு சதவீதத்துக்கு அக்கம்பக்கம்தான். ஆள் போதாமல் லண்டன் டிரான்ஸ்போர்ட் 1956-ல் பார்படோஸ் வரை போய் பஸ்ஸுக்கு ஆள் எடுத்தது.

1966-ல் இன்னும் தாராளமாக, வேலை போனவருக்கு அவர் வாங்கிய சம்பளத்தைப் பொறுத்து கூடுதல் தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். அது வேலையின்மையைக் கொஞ்சம் கூட்டியது என்று வாதாடும் பொருளாதாரக்காரர்கள் உண்டு, கொஞ்சம் கூட்டியும் இருக்கலாம். ஆனால் 1982-ல் தாட்சர் அரசு அந்தக் கூடுதல் தொகையை நிறுத்தியது. அந்த ஆண்டுதான் வேலையில்லாதவர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தொட்டது. உதவியைக் குறைத்த நேரத்தில் சோம்பேறித்தனம் பெருகியது என்று யாராவது சொல்வார்களா?

அப்போது மூடியவை சுரங்கங்களும் இரும்பாலைகளும். 1984-ல் சுமார் 170 நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது. டர்ஹாமில் ஈசிங்டன், வேல்ஸில் மெர்த்தர் டிட்வில் போன்ற ஊர்களில் ஒரு சுரங்கம் மூடினால் பக்கத்திலேயே இன்னொரு வேலை கிடையாது. முப்பது வருடம் நிலத்தடியில் வேலை செய்தவருக்கு முதுகும் நுரையீரலும் ஏற்கனவே கெட்டிருக்கும். சுரங்கம் இருந்தவரை அந்த முதுகோடேயே வேலைக்குப் போய்வந்தார். மூடியதும் நோய்க்கால உதவியில் சேர்ந்தார். வேலையில்லாதவர் பட்டியல் நீளாமல் இருப்பது அரசுக்கும் வசதியாகத்தான் இருந்தது. 1970களின் கடைசியில் பத்து லட்சத்துக்கும் குறைவாக இருந்த நோய்க்கால உதவிப் பட்டியல், 90களின் நடுவில் இருபது லட்சத்தைத் தாண்டியது.

"தாத்தாவும் வேலை செய்யவில்லை, அப்பனும் செய்யவில்லை, மகனும் செய்யமாட்டான்" என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்தைக் கண்டுபிடிக்க ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளைக்காக ஆய்வாளர்கள் கிளாஸ்கோவிலும் மிடில்ஸ்பரோவிலும் தேடினார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது. மூன்று தலைமுறையாக ஒருவருமே வேலைக்குப் போகாத குடும்பம் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்த பெற்றோர், பிள்ளைகளாவது இப்படி ஆகிவிடக்கூடாது என்றே நினைத்தார்கள்.

நம்மவர் கதை இன்னும் விசித்திரம். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் ஆறு மாதம் கழித்து வேலை அனுமதி கேட்கும் வழி முன்பு இருந்தது. 2002-ல் அதை எடுத்துவிட்டார்கள். வேலை செய்ய விடாமல் தடுத்துவிட்டு, இவர்கள் அரசுப் பணத்தில் சாப்பிடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுவதும் இந்த நாட்டில்தான் நடக்கிறது.

அண்மைக் கணக்கையும் பார்ப்போம். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவிக்கு யூனிவர்சல் கிரெடிட் என்று பெயர். 2025 ஏப்ரல் நிலவரப்படி, 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனியாளுக்கு அது மாதம் 400 பவுண்டாக இருந்தது. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, முழுநேரம் வேலை செய்தால் வரிக்கு முன் மாதம் 1,900-க்கு மேல். வாடகைக்குத் தனியாகக் கொடுப்பார்கள், உண்மைதான். லண்டனில் அது பெரிய தொகையும்கூட. அது எங்கே போகிறது? வீட்டுச் சொந்தக்காரரிடம். இன்னொன்று, யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிறவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஏற்கனவே வேலை செய்கிறவர்கள். "வேலைக்கு வரப்போயினமோ" என்று கேட்கிற கடையிலேயே கல்லாவில் நிற்கிறவர் அதில் ஒருவராக இருக்கலாம். கூலி போதாவிட்டால் மீதியை அரசு கொடுக்கும் அந்த ஸ்பீனம்லாண்ட் கணக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்ற அந்த உண்மைக்கு வருகிறேன். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்துக்கொண்டே யூனிவர்சல் கிரெடிட்டும் வாங்குகிறவர் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் வரியும் தேசியக் காப்புறுதிச் சந்தாவும் 28 பென்ஸ். மிச்சமிருக்கும் 72-ல் 55 சதவீதத்தை யூனிவர்சல் கிரெடிட் கழித்துக்கொள்கிறது. கையில் தேறுவது 32 பென்ஸ். ஸ்காட்லாந்தைத் தவிர மற்ற இடங்களில் பெரும் பணக்காரருக்கே உச்ச வருமான வரி 45 சதவீதம்தான். வயதான தாயைப் பார்த்துக்கொள்கிறவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் இதைவிட மோசம். வார வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்து உதவி முழுவதும் போகும். இதைக் கவனிக்காமல் சில மணி நேரம் கூடுதலாக வேலை செய்து, பிறகு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தவர்கள் ஏராளம்.

நோயாளிகள் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். நீண்டகால நோயால் வேலைச் சந்தைக்கு வெளியே இருப்பவர்கள் இப்போது சுமார் 28 லட்சம். கொரோனாவுக்கு முன்னிருந்ததைவிட மிக அதிகம். வேலை செய்யவே முடியாது என்று மதிப்பீட்டில் தேறியவருக்கு 2025-ல் அந்த 400-க்கு மேல் இன்னொரு 423 பவுண்டு கிடைத்தது. வேலை தேடுகிறேன் என்பவருக்கு அது கிடையாது. முடியாது என்பதை ஒருமுறை கஷ்டப்பட்டு நிரூபித்தவர், முடிகிறதா என்று பார்க்கவே பயப்படுகிறார். என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "போய்ப் பார்த்துச் சரிவராவிட்டால் திரும்ப எடுக்கலாமோ?" உழைக்க மனமில்லாதவர் இப்படிக் கேட்கமாட்டார்.

அரசு இந்த இடைவெளியைக் குறைக்க 2025-ல் சட்டம் கொண்டுவந்தது. 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த 423 ஏறக்குறைய பாதியாகிறது; ஏற்கனவே வாங்குகிறவர்களுக்குப் பழைய தொகையே தொடரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய தொகையில் இருக்கும் ஒருவர் துணிந்து வேலைக்குப் போய், உதவியிலிருந்து முழுதாக வெளியேறி, சில வருடம் கழித்து உடம்பு மறுபடியும் கெட்டுத் திரும்பி வந்தால் எந்த வரிசையில் நிற்பார்? பெரும்பாலும் புதியவர்களின் வரிசையில். இப்போது இருக்கும் இடத்தைவிட்டு அசையாதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தச் சட்டம்தான்.