செம்புக் கம்பி ஏன் வளைகிறது?

வணக்கம். படிகம் என்றதும் எல்லோருக்கும் உப்பும் வைரமும்தான் ஞாபகம் வரும், அதனால் நான் வேண்டுமென்றே ஒரு செம்புக் கம்பித் துண்டோடு வந்திருக்கிறேன். இதுவும் படிகம்தான். சரியாகச் சொன்னால், எக்கச்சக்கமான குட்டிப் படிகங்கள் ஒட்டிக்கிடக்கும் கூட்டம். ஒவ்வொன்றிலும் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள், அதே அடுக்கு திரும்பத் திரும்ப. தங்கம், வெள்ளி, அலுமினியத்துக்கும் இதே அடுக்குதான். 1912-இல் இயற்பியலாளர் லாவேயின் குழு படிகத்துக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்திக் காட்டிய பிறகு, இதையெல்லாம் அளந்தே பார்க்க முடிந்தது.

இப்போது வளைக்கிறேன். வளைந்தது, அப்படியே நின்றுவிட்டது. அப்படியானால் உள்ளே அணுத்தளங்கள், அதாவது அணுக்கள் தட்டையாகப் பரவிக்கிடக்கும் பரப்புகள், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியிருக்க வேண்டும், இல்லையா? ஒரு தளத்தை மொத்தமாக வழுக்க வைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926-இல் ஃபிரெங்கல் கணக்குப் போட்டார். தூய உலோகப் படிகத்தில் நிஜமாகத் தேவைப்படுவதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலே வந்தது! இரண்டு மூன்று மடங்கு என்றால் கண்டும் காணாமல் விட்டுவிடலாம், ஆயிரத்தை எங்கே ஒளிப்பது?

1934-இல் டெய்லர், ஒரோவான், பொலான்யி மூவரும் தனித்தனியாக ஒரே பதிலுக்கு வந்தார்கள். தளம் மொத்தமாக நகர்வதே இல்லை. படிகத்துக்குள் எங்கோ ஓர் அணுத்தளம் பாதியிலேயே முடிந்துபோயிருக்கும். லேசாகத் தள்ளினால் பக்கத்துத் தளத்தின் கீழ்ப்பாதி பிரிந்து வந்து இதோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தரத்தில் நிற்பது பக்கத்துத் தளத்தின் மேல்பாதி, இப்படியே அந்தக் குறை கைமாறிக் கைமாறி படிகத்தின் மறுகோடிக்குப் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு வரிசைப் பிணைப்பு அறுந்தால் போதும். இதன் பெயர் டிஸ்லொகேஷன். அலுமினியத் தகட்டில் அது நகர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது 1956-இல்தான். கண்ணால் காணாத ஒன்றை 22 வருடம் நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம்.

குறை இருப்பதால்தான் உலோகம் மெத்தென்று இருக்கிறது என்றால், குறை கூடக்கூட இன்னும் மெத்தென்று ஆக வேண்டும். ஆகாது. இதே கம்பியை நிமிர்த்திப் பாருங்கள், பழையபடி நேராக வரவே வராது, வளைந்த இடம் அப்படியே இருக்க அதன் பக்கத்தில் புதிதாக வளையும். முதல் வளைப்பிலேயே அங்கே டிஸ்லொகேஷன்கள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டன. கம்பியைச் சிவக்கக் காய்ச்சினால் அணுக்கள் புதுப் படிகங்களாக அடுக்கிக்கொள்ளும், சிக்கலெல்லாம் போய் மறுபடி சுலபமாக வளையும். இரும்பில் கரியைச் சேர்ப்பதும் கிட்டத்தட்ட இந்த வழிமறிப்பு வேலைதான். நடுவே புகுந்த கரி அணுக்கள் டிஸ்லொகேஷனைப் பிடித்து நிறுத்துகின்றன.